ஏகப்பன் கேட்ட சாவி

ஏகப்பன் கேட்டது ஒரு சாவி. அதையும் அவர் ஒரேயடியாகக் கேட்டுவிடவில்லை. தினமும் மாலையில் அரை மணி நேரம் இரவல் தந்தால் போதும் என்றுதான் கேட்டார். சைகோன் முத்தமிழ் நற்பணி மன்றம் அவருக்குச் சாவி தரவில்லை. ஒரு குழுவைத் தந்தது. கேட்டதற்கு மேலேயே தருகிற மன்றம் அது.

சாவி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஏகப்பன் காரைக்குடிக்காரர். சைகோனுக்கு வெளியே, பின் யுவோங் என்ற ஊரில், ஒரு ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பகுதிக்கு சூப்பர்வைசர். ஐம்பதை எட்டப்போகிறவர். குடியிருப்பு சைகோனில், ஏழாம் மாவட்டத்தில், பதினான்காவது மாடியில். இந்த ஊருக்கு வந்தபின் கித்தார், யோகா, நீச்சல், வியட்நாமிய மொழி என்று நான்கு வித்தைகளைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து, நான்கையும் கோடைக்காலத்தில் கைவிட்டவர். ஒரே சொல்லை ஆறு தொனியில் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம் என்று வாத்தியார் சொன்ன அன்று அவர் வகுப்பிலிருந்து எழுந்து வந்தது, வீட்டில் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்டப்படுகிற விஷயம்.

ஐந்தாவதாக வந்தது மோர்சிங். குதிரை லாடத்தைச் சின்னதாக்கினாற்போல் ஒரு இரும்பு வளையம், நடுவில் ஒரு மெல்லிய கம்பி. முன்பற்களில் வைத்துக்கொண்டு கம்பியை விரலால் சுண்டி, வாய்க்குள் நாக்கை ஆட்டினால் தாளம் வரும். திருச்சியில் இருந்த குருநாதர் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லிக்கொடுத்தார். “கையெல்லாம் சொன்ன பேச்சு கேக்கும். நாக்குதான் நன்றி கெட்டது. ஒரு நாள் விட்டீங்கன்னா ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கும்” என்பது அவருடைய முதல் பாடம்.

இத்தனை பாடும் சௌந்தரத்துக்காக. ஏகப்பனின் மனைவி சௌந்தரம் நன்றாகப் பாடுவார். ஆவணியில் நடக்கும் மன்றத்து ஆண்டு விழாவில் பாட அவருக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. பக்கவாத்தியத்துக்கு இந்த ஊரில் ஆள் இல்லை.

“பக்கத்துல நீங்க உக்காந்து வாசிச்சா எனக்குத் தெம்பா இருக்கும்” என்றார் சௌந்தரம். “ஆனா இந்தக் கோடையத் தாண்டுவீகளான்னு மொதல்ல பாப்போம்.”

ஏகப்பனுக்கு ரோஷம் வந்தது. அதைவிட, சந்தோஷம் வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவி அவரை ஒரு காரியத்துக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. இதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிற வாத்தியம்தான் அது.

அப்புறம் கோடை வந்தது.

திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேர் விமானம் விட்டாலும் விட்டார்கள், மதுரைக்குப் போய்வருகிற மாதிரி சொந்தக்காரர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். முதல் கோஷ்டி சௌந்தரத்தின் அண்ணன் ராஜு குடும்பம். அவர்கள் போவதற்குள் ராஜுவின் சம்பந்தி குடும்பம். அவர்களுடைய பெட்டிகள் லிஃப்டில் இறங்கும்போது எதிர் லிஃப்டில் சித்தப்பா வகையறா ஏறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கூ சி சுரங்கம் பார்க்க வேண்டும், பென் தான் சந்தையில் பேரம் பேச வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட வேண்டும். ஹாலில் பாய், படுக்கையறையில் பாய், ஏகப்பன் சாதகம் செய்கிற பால்கனியில் ஈரத்துணி.

குளியலறையில் வாசித்துப் பார்த்தார். “மாப்பிள்ளை, உள்ளார எதுவும் குழாய் விட்டுப்போச்சா?” என்று ராஜு கதவைத் தட்டினார். காலையில் பின் யுவோங் போகும் கம்பெனி வேனில் வாசித்துப் பார்த்தார். ஏதோ ஸ்பிரிங் போய்விட்டது என்று டிரைவர் வண்டியை ஓரம்கட்டி, மழைத் தண்ணீரில் படுத்து அடியில் தேடினார். ஏகப்பன் மோர்சிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தானும் இறங்கிச் சேர்ந்து தேடினார்.

அப்போதுதான் மன்றத்தின் சாமான் அறை நினைவுக்கு வந்தது.

கிதிர் முகம்மது என்கிற காரைக்கால்காரர் முதலாம் மாவட்டத்தில் உணவகம் வைத்திருந்தார். கீழே பிரியாணி, மாடியில் மண்டபம். மன்றக் கூட்டங்கள் அங்கேதான். மண்டபத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் மன்றத்தின் சொத்துக்களான பேனர்கள், கேடயங்கள், பிளாஸ்டிக் மாலைகள், ஆளுயரக் குத்துவிளக்கு எல்லாம் விழாவுக்கு விழா எழுந்து, மற்ற நாட்களில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றோடு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாசித்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏகப்பன் மன்றத் தலைவர் இராமநாதனிடம் போய்க் கேட்டார். இராமநாதன் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர். எதையும் உடனே செய்துவிடாத நிதானம் உள்ளவர். கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“ஏகப்பன், நீங்க கேட்டது சாவி இல்லை. இது ஒரு சமூகப் பிரச்சினை” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ‘கோடைச் சாதகத் தொடர்ச்சிக் குழு’ தொடக்க விழா. மண்டபத்தில் நெருப்புப் பற்றவைத்தால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்பதால் குத்துவிளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தார்கள். தூ டுக் பக்கம் பெரிய பதவியில் இருந்த சிறப்பு விருந்தினர், மழையில் மாட்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, சுவிட்சைப் போட்டுத் திருவிளக்கு ஏற்றினார். ஒரு திரி எரியவில்லை. எலக்ட்ரீஷியனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பிறகு தலைவர் பேசினார்.

“அன்பார்ந்த பெருமக்களே! நண்பர் ஏகப்பன் என்கிட்ட சாவி கேட்டார். நான் நினைச்சிருந்தா அந்த நிமிஷமே குடுத்திருக்கலாம். சாவி என் பாக்கெட்லதான் இருக்கு.” தட்டிக் காட்டினார். கைதட்டல். “ஆனா ஒருத்தருக்குச் சாவி குடுத்தா அது வெறும் உதவி. அவரை வச்சு ஒரு குழு ஆரம்பிச்சா அதுதான் தொண்டு! ஏன் சொல்றேன்னா, தொடர்ச்சின்னா என்னன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல வயலின் ஆரம்பிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் ஆரம்பிச்சுக்கிட்டேதான் இருக்கேன். விட்டேனா? விடலை!”

ஏகப்பன் முதல் வரிசையில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு ஒரு மாலை போட்டிருந்தார்கள். மாலையை எப்போது கழற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் மெல்லக் கேட்டார். “தலைவரே, அந்தச் சாவி...”

“அதுக்குத்தானே குழு?” என்றார் இராமநாதன். குரலில் கொஞ்சம் வருத்தம் கூட இருந்தது.

குழு மும்முரமாக வேலை செய்தது. சாதகத்தில் தொடர்ச்சி வேண்டுமானால் கூட்டத்தில் தொடர்ச்சி வேண்டும் என்று முடிவாகி, வார நாட்களில் தினமும் மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்தார்கள். ஏகப்பன் சாதகம் செய்ய ஆசைப்பட்ட அதே நேரம். ‘சாதகம் ஏன்?’, ‘சாதகம் எப்போது?’, ‘இல்லறமும் சாதகமும்’ என்று தலைவர் நாளுக்கொரு தலைப்பில் பேசினார். வீட்டில் விருந்தாளிகளுக்குப் பயந்து வெளியே வந்தவர்கள், கிதிர் முகம்மதுவின் சமோசாவுக்கு வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் தேறினார்கள். ஏகப்பன் போகாமல் இருக்க முடியாது. குழுவே அவருக்காக.

செயலாளர் வடிவேல் இன்னும் தீவிரமானவர். சென்னைக்காரர். இராமநாதனின் தொழிற்சாலையிலேயே தரக் கட்டுப்பாடு பார்க்கிறவர். ஒரு நாள் அவர் ஏகப்பனை மேடையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். கையில் ஸ்டாப்வாட்ச், பாக்கெட்டில் டார்ச்.

“வாயத் தொறங்க சார். நாக்க நீட்டுங்க.”

ஏகப்பன் நீட்டினார். வடிவேல் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்னால் இருந்த இரண்டு உறுப்பினர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ ஆடுது?”

“எண்ணினது இல்லைங்களே.”

“எண்ணாம எப்படி சார் இம்ப்ரூவ் பண்றது? கையுறைல விரல் எத்தனன்னு எண்ணாம விட்டா என்னாவும்? சரி, வாசிங்க.”

ஏகப்பன் மோர்சிங்கை எடுத்துப் பல்லில் வைத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. முதல் ஆவர்த்தனம் முடிவதற்குள் வடிவேல் கையை உயர்த்தினார்.

“ஸ்டாப். மொதல்ல வாசிச்சது ஒரு மாதிரி இருக்கு, ரெண்டாவது வேற மாதிரி இருக்கு.”

“அது கற்பனைங்க.”

“அதான் சார் பிராப்ளம். பிராக்டிஸ்ன்றது ஒரு பிராசஸ். அதுக்குள்ள மியூசிக் வந்துச்சுன்னா வேரியேஷன் ஆயிடும். மியூசிக்க கடைசில பாத்துக்கலாம். இப்போதைக்கு வாய வச்சு எடுத்து, வாய வச்சு எடுத்து, அது மட்டும் கரெக்டா பண்ணுங்க.”

அன்று ஏகப்பன் வாயில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். சபை ஒவ்வொரு தடவைக்கும் கை தட்டியது.

வீட்டுக்கு வந்தால் சௌந்தரம் மாமியார் வழி உறவினர்களுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். “தெனம் மீட்டிங் மீட்டிங்னு போறீகளே, ஒரு தடவையாவது வாசிச்சீகளா?” என்றார் தோசையைத் திருப்பிப் போட்டபடி. ஏகப்பன் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “பரவால்லை, விடுங்க. போன்ல மிருதங்க ஆப்பு ஒண்ணு இருக்காம். அதைப் போட்டுக்கிட்டுப் பாடிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். சௌந்தரம் ஆறுதலாகச் சொன்னார். நீச்சலை விட்டபோதும் இதே குரலில்தான் ‘பரவால்லை’ என்றார். ஏகப்பன் பாதித் தோசையோடு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். மூலையில் கிதிர் முகம்மதுவின் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அது எப்போதும் ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும். அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த முனகல் கிட்டத்தட்ட அவருடைய மோர்சிங்கின் சுருதி. மேடையில் தலைவர் ‘சோம்பலை வெல்வது எப்படி?’ என்று ஆரம்பித்தார். ஏகப்பன் கைக்குட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். உள்ளே மோர்சிங். கம்பியை மெதுவாகச் சுண்டினார்.

ஆம்ப்ளிஃபயரின் முனகலோடு முனகலாக அது கலந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் நாக்கு முரண்டு பிடித்தது. இரண்டாம் நாள் வழிக்கு வந்தது. வாரக் கடைசியில் ஏகப்பன் தலைவரின் பேச்சுக்கே பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இராமநாதனின் பேச்சில் ஒரு ஒழுங்கு இருந்தது. ‘என்பதை நான் இங்கே’ என்று இழுத்தால் அரை ஆவர்த்தனம். ‘ஏன் சொல்றேன்னா’ என்றால் நடை மாறப்போகிறது. பேச்சு எங்கேயாவது முட்டிக்கொண்டு நின்றால் தண்ணீர் பாட்டிலை எடுப்பார். அந்த இடத்தில் ஏகப்பன் தகதின்ன தகதின்ன என்று மூன்று தடவை வைத்து ஒரு முத்தாய்ப்புக் கொடுப்பார். குருநாதர்கூட இத்தனை பொறுமையாக, ஒன்றே முக்கால் மணி நேரம் நிறுத்தாமல், அவரை வாசிக்க விட்டதில்லை.

எதிர்பாராத ஒன்று நடந்தது. தலைவரின் பேச்சு நன்றாக ஆகிவிட்டது.

அதுவரை அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கே போய் இறங்கும் என்று அவருக்கே தெரியாது. இப்போது எட்டெட்டாக எண்ணி வைத்த மாதிரி வந்து விழுந்தது. கேட்கிறவர்களின் கால் தானாக ஆடியது. சமோசாவுக்கு வந்தவர்கள் சமோசாவை மறந்தார்கள். சோலோன் சந்தையில் மொத்தச் சரக்கு எடுக்க வந்த நாகூர் வியாபாரிகள் இரண்டு பேர் கேள்விப்பட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். “என்ன பேசினார்னு தெரியலை, ஆனா என்னா பேச்சு!” என்று ஒருவர் உருகினார். இராமநாதன் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பக்கவாட்டில் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த தேர்தலிலும் தானே நிற்பது என்று முடிவு செய்தார். அந்த மன்றத்தில் வேறு யாரும் எப்போதும் நின்றதில்லை.

வடிவேலின் காது மட்டும் சும்மா இருக்கவில்லை.

“தலைவரே, ஆம்ப்ளிஃபயர்ல ஏதோ டொய்ங் டொய்ங்னு வருது. அதுவும் நீங்க பேசும்போது மட்டும்தான் வருது. மத்தவங்க பேசினா வரல.”

அது உண்மைதான். மற்றவர்கள் பேச்சு வாசிப்பதற்கு லாயக்கில்லை என்று ஏகப்பன் ஓய்வெடுத்துக்கொள்வார். தலைவரோ முகம் கறுத்தார். தன் புகழைப் பொறாதவர்கள் ஏற்பாடு செய்த சதி என்று அவருக்குப் பட்டது. ‘ஒலிபெருக்கிக் கோளாறு ஆய்வுக் குழு’ அமைந்தது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினார்கள், டொய்ங் வந்தது. பழையதையே திரும்ப வைத்து வயரை மாற்றினார்கள், வந்தது. மண்டபத்தின் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு எல்லோரும் வேர்த்து வழிந்தபடி கேட்டார்கள்; இன்னும் தெளிவாக வந்தது. தூ டுக்கிலிருந்து ஒரு பொறியாளர் கருவிகளோடு வந்து மூன்று நாள் அளந்து, ‘மழைக்கால ஈரப்பதத்தில் தமிழ்ச் சொற்கள் சுவரில் மோதித் திரும்புவதால் உண்டாகும் அதிர்வு’ என்று அறிக்கை கொடுத்தார். குழு அதை ஏகமனதாக ஏற்று, சுவரில் துணி கட்டியது. அந்தத் துணியும் டொய்ங் என்றதாக வடிவேல் சாதித்தார்.

ஒரு நாள் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கிதிர் முகம்மது ஏகப்பனின் தோளில் கை போட்டார்.

“அண்ணே, என் பொட்டிக்கு நோவு ஒண்ணும் இல்லைண்ணே. நீங்க வாயில வச்சிருக்கிறதை எடுத்தா அது சொஸ்தமாயிடும்.”

ஏகப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியுமா?”

“மொத நாளே தெரியும். நாப்பது வருசமா இந்தப் பொட்டி என்கிட்ட முனகுது. அதுக்குத் தாளம் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?” சிரித்தார். “வாசிங்க, வாசிங்க. நீங்க வாசிச்சாத்தான் தலைவரு பேச்சு காதுல ஏறுது. நீங்க இல்லாத அன்னிக்கு நான் கீழ போயி வெங்காயம் உரிப்பேன், அது எம்புட்டோ மேல்.”

ஆவணி வந்தது. ஆண்டு விழா அழைப்பிதழில் பதினோரு பேருடைய படங்கள் இருந்தன. கடைசியில், உற்றுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில், ‘நேரம் இருப்பின்: திருமதி சௌந்தரம் ஏகப்பன், பாட்டு’ என்று போட்டிருந்தது.

சௌந்தரம் பட்டுப்புடவை கட்டி வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாட்டுப் புத்தகம், கையில் போன். போனில் மிருதங்கம். ஏகப்பன், நானே வாசிக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தார். எங்கே, எப்போது சாதகம் செய்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? தலைவரின் சொற்பொழிவுகளில் என்று எந்த மனைவியிடம் சொல்ல முடியும்?

மண்டபம் ஒன்பது மணி வரைக்கும்தான். அதற்கப்புறம் ஒரு வியட்நாமியக் குடும்பத்துக்குப் பிறந்தநாள் விருந்து. எட்டேகாலுக்கே அவர்கள் கேக்கும் கரோக்கி மைக்குமாக மாடிப்படியில் வந்து நின்றுவிட்டார்கள்.

எட்டு மணிக்குக் கோடைச் சாதகத் தொடர்ச்சி விருது அறிவிக்கப்பட்டது. குழுவின் எல்லாக் கூட்டங்களிலும் இடைவிடாமல் பங்கேற்று, எல்லாவற்றிலும் பேசியவர் என்ற முறையில் தலைவர் இராமநாதனுக்கே அது போனது. கொடுக்கிறவரும் அவர்தான் என்பதால், வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் கொடுத்தார். அப்புறம் ஏற்புரை.

“அன்பார்ந்த பெருமக்களே!”

கடைசி வரிசையில் ஏகப்பனின் கை தானாகப் பையில் நுழைந்தது. அந்தச் சொற்களைக் கேட்டாலே அவர் நாக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். மேடை ஏறாவிட்டாலும் கடைசியாக ஒரு தடவை வாசித்துவிடலாம் என்று கைக்குட்டையை எடுத்தார்.

அன்று இராமநாதன் பேசிய பேச்சு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. “சாதகம் பண்ண நேரம் இல்லை, நேரம் இல்லைன்றாங்க. நேரம் எங்க போச்சு? நம்ம மன்றத்துலதான் இருக்கு! உங்க எல்லாரோட நேரத்தையும் வாங்கி நாங்க பத்திரமா வச்சிருக்கோம்!” கைதட்டல். “இந்தக் கோடைல ஒரு ஆள்கூட ஒரு வாத்தியத்தையும் விடலை. ஏன் சொல்றேன்னா, ஒரு ஆள்கூட எடுக்கவே இல்லை!” கூரை அதிர்ந்தது. நாகூர் வியாபாரிகள் எழுந்து நின்று தட்டினார்கள். எட்டே முக்கால். தலைவர் நிறுத்துகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு முத்தாய்ப்பும் அவரை அடுத்த வாக்கியத்துக்குள் தள்ளிவிட்டது.

ஏகப்பன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை திறந்து பார்த்தபோது, சௌந்தரம் பாட்டுப் புத்தகத்தை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவசரம் இல்லாமல், பரவாயில்லை என்கிற முகத்தோடு.

அப்போதுதான் ஏகப்பனுக்கு உறைத்தது. இந்த மனிதர் ஓடுவது நம் நாக்கில். நம் பெண்டாட்டியின் பாட்டுக்கான நேரத்தை நாமே இங்கே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோம்.

மோர்சிங்கை வாயிலிருந்து எடுத்தார்.

“ஆகவே பெருமக்களே, தொடர்ச்சி என்பது...” என்றார் இராமநாதன். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. “என்பது ஒரு...” ஆம்ப்ளிஃபயர் முனகியது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். முத்தாய்ப்பு வரவில்லை. “என்பதை நான் இங்கே...” மறுபடியும் குடித்தார். சபை நெளிய ஆரம்பித்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். அது ஒரு வரிசை முழுக்கப் பரவியது. பாட்டில் காலியானது. காலி பாட்டிலையும் ஒரு முறை குடித்துப் பார்த்துவிட்டு, “நன்றி, வணக்கம்” என்று இராமநாதன் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பேச்சு முடிந்தது.

வடிவேல் நன்றியுரைக்கு எழுந்து மைக்கைப் பிடித்தார். மைக் செத்திருந்தது.

“கோளாறுங்க” என்றார் கிதிர் முகம்மது, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல். “ரொம்ப நாளா இருக்கே, நீங்களே சொன்னீங்களே.”

ஏகப்பன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போய், சௌந்தரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். மோர்சிங்கைக் காட்டினார். சௌந்தரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டார். மைக் தானாக உயிர் பெற்றது.

பத்து நிமிஷப் பாட்டு. ஏகப்பன் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. படியில் நின்றிருந்த பிறந்தநாள் வீட்டார் கேக்கோடு உள்ளே வந்து நின்று கேட்டார்கள். முடித்தபோது சௌந்தரத்தின் கண் கலங்கியிருந்தது. ஏகப்பன் அதைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போக டாக்சியில் ஏறினார்கள்.

“நல்லா வாசிச்சீக” என்றார் சௌந்தரம். “ஆனா ஒண்ணு. நான் மூச்சு விடுற எடத்துல எல்லாம் எதுக்கு ஒரு முத்தாய்ப்பு வச்சீக?”

“அங்கதான் தலைவர் தண்ணி குடிப்பாரு” என்றார் ஏகப்பன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். சௌந்தரம் சிரித்த சிரிப்பில் டாக்சிக்காரர் ஹாரனை அடித்துவிட்டார்.

நோக்கம் நிறைவேறியதால் அடுத்த வாரமே குழு கலைக்கப்பட்டது. சொந்தக்காரர்களும் போய்விட்டார்கள். ஆனால் பள்ளி திறந்து, மேல்வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று குடியிருப்பில் சத்தம் போடக் கூடாது என்றார்கள். ஏகப்பன் வெறுத்துப்போய்க் கிதிர் முகம்மதுவிடம் சொன்னார். “அந்தச் சாவியக் கடைசி வரைக்கும் தரவே இல்லை பாத்தீகளா?”

“எந்தச் சாவி? இந்த ரூம்புக்கா?” கிதிர் முகம்மது சாமான் அறைக் கதவைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது திறந்துகொண்டது. “பூட்டு உடைஞ்சு ரெண்டு வருசமாச்சேண்ணே. யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே.”

ஏகப்பன் உள்ளே போனார். பேனர்களுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஏங்கிக்கிடந்த அமைதி, அவர் ஏங்கிக்கிடந்த அரை மணி. மோர்சிங்கைப் பல்லில் வைத்துக் கம்பியைச் சுண்டினார். நாக்கு அசையவில்லை. இன்னொரு தடவை சுண்டினார். அது எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. தகதிமி என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். வருகிற தைக்குச் சௌந்தரம் கோயிலில் பாட ஒப்புக்கொண்டிருந்தார். பக்கவாத்தியம் யார் என்று கேட்டவர்களிடம், ‘வீட்டுக்காரர்’ என்று சொல்லியும் விட்டார்.

ஏகப்பன் அறையை விட்டு வெளியே வந்து, மழையில் நனைந்துகொண்டே தலைவர் வீட்டுக்குப் போனார். இராமநாதன் ஆண்டு விழாவிலிருந்து யாரோடும் பேசாமல், விருதைப் பார்த்தபடி சோபாவில் கிடந்தார்.

“தலைவரே” என்றார் ஏகப்பன், வாசலிலேயே நின்று. “நாம உடனே ஒரு குழு அமைக்கணும்.”

இராமநாதன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை.